இரண்டு கைக்கு இரண்டு பிள்ளை

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், 1995இல் ஆண்டு 9இல் கற்ற வகுப்பினரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இப்படியான மேடைகளில் பேசுபவர்கள் தங்கள் காலத்து வலைப்பந்தாட்டக் குழுவைப் பற்றியும், விளையாட்டுப் போட்டியில் இல்லங்களுக்கிடையே நடந்த சண்டைகளைப் பற்றியும் பேசுவார்கள். எமக்கும் அதுதான் ஆசை. ஆனால் விழாக் குழுவினர், "நீங்கள் இடம்பெயர்ந்த வகுப்பல்லோ, அதைப் பற்றிக் கதையுங்கோ" என்று கேட்டுக்கொண்டார்கள்.

வாசிப்பது ஒருத்தியானாலும் இது வகுப்பின் உரை. மூன்று மாதங்களாக எமது வட்ஸ்அப் குழுவில் ரொறன்ரோவிலிருந்தும், லண்டனிலிருந்தும், கிளிநொச்சியிலிருந்தும், பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் வந்த குரற்பதிவுகளைக் கேட்டு எழுதியது. ஆகவே "நாம்" என்றே சொல்கிறோம். யாருடைய பெயரையும் சொல்வதில்லை என்று முன்னமே முடிவெடுத்துக்கொண்டோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஒலிபெருக்கி அறிவித்தல், மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர முடியாமல் நகர்ந்த சனம் என்று அது பல மலர்களில் எழுதப்பட்டாயிற்று. வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்குப் போனார்கள். அவர்களில் நாமும் இருந்தோம். எமக்குப் பதினான்கு வயது. இன்று நாம் சொல்ல வந்தது அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பிறகு எப்படிக் குடும்பமானார்கள், அல்லது ஏன் ஆகவில்லை என்பதையே.

முதலில் ஒரு விடயம். இடம்பெயர்ந்த காலத்தில் குடும்பம் என்று நாம் கண்டது என்ன? ஒரு பாடசாலை வகுப்பறையில் நான்கு குடும்பங்கள். நடுவே மறைப்பாகக் கட்டிய சேலைகள். அப்பாவும் அம்மாவும் தனியே கதைத்ததை நாம் காணவில்லை; அவர்கள் சண்டை பிடித்ததையும் காணவில்லை. சண்டை பிடிக்க இடமிருக்கவில்லை. குடும்பம் என்றால் நிவாரண அட்டையில் எழுதிய பெயர்கள். எத்தனை பெயரோ அத்தனை பங்கு. கலியாணமாகி இரண்டு வருடமாகியும் புருசனோடு ஒரு வார்த்தை உரத்துக் கதைக்கவில்லை என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவர் அதைப் பொறுமை என்று நினைத்தாராம். "பொறுமை இல்லையடி, சேலைக்கு அங்கால ஆக்கள் இருக்கினம் எண்ட நினைப்பு" என்றாள் அவள்.

1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் வலிகாமம் திரும்பினோம். மற்றவர்கள் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குப் போனோம். பின்னர் இரு பக்கத்திலிருந்தும் பலர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போனோம். கலியாணப் பேச்சு தொடங்கிய வயதில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் மூன்று உலகங்களில் இருந்தோம்.

வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு வீடே பிரச்சினையாயிற்று. எமது ஊர் வழமை எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதித்த தேசவழமைக்கும் முந்தியது அது. தாயின் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளையின் கலியாணம் என்பது ஒரு கிணறு, ஒரு குசினி, நான்கு பனை, ஒரு உறுதி. எங்களில் சிலருடைய வீடுகள் வலிகாமம் வடக்கில் இருந்தன. அவர்கள் 1990இலேயே முதல் முறை இடம்பெயர்ந்து, வாடகை வீட்டிலிருந்தும் நலன்புரி நிலையத்திலிருந்தும் எம்மோடு படிக்க வந்தவர்கள். வீடு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். உறுதி மட்டும் கையில். தரகர் வந்து கேட்கும் முதற் கேள்வி, "பிள்ளைக்கு வீடு எங்கை?" என்பதுதான். "மயிலிட்டியிலை" என்று அம்மா சொல்வார். தரகர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்டபோது அந்தத் தோழிக்கு 36 வயது. போய்ப் பார்த்தால் கிணறு இருந்தது. வீடு இருந்த இடத்தில் பற்றை. அவளுடைய அம்மா கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு, "சீதனம் வந்திட்டுது, இனி மாப்பிள்ளையைப் பாப்பம்" என்று சிரித்தாராம். தோழி சிரிக்கவில்லை. இப்போது அந்த வளவில் சிறிய வீடொன்று கட்டி அம்மாவோடு இருக்கிறாள். "செவ்வாய் குற்றமாம்" என்று அயலில் சொல்கிறார்களாம். அவளுடைய குறிப்பில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று எவருக்கும் தெரியாது. குறிப்பு 1990இல் அந்த வீட்டோடு போய்விட்டது.

குறிப்பில்லாமல் போனவர்கள் எங்களில் பலர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு அலைந்து பிரதி எடுக்கலாம். பிறந்த நேரத்துக்கு எந்தக் கந்தோரில் பிரதி எடுப்பது? "விடியப்புறம், கோயில் மணி அடிச்ச பிறகு" என்ற அம்மம்மாவின் ஞாபகத்தை வைத்துச் சாத்திரியார் புதிதாகக் கணித்தார். ஒருத்திக்கு இரண்டு சாத்திரிமார் இரண்டு குறிப்பு எழுதினார்கள். பொருந்திய குறிப்பை வைத்துக்கொண்டு கலியாணம் முடித்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

வன்னிக்குப் போனவர்களின் கதை வேறு. அங்கே கலியாணம் பிந்தவில்லை, முந்தியது. கிளிநொச்சியிலிருந்து மல்லாவி, மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு முறையும் வீட்டை அவிழ்த்துக் கட்டிய தாய் தகப்பன், வயதுக்கு வந்த பிள்ளையை இன்னொருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் ஒரு பாரம் குறையும் என்று நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. எங்களில் ஒருத்திக்குப் பதினேழு வயதில் தாலி ஏறியது. சட்டப்படி எழுத்துக்கு 18 வயது வேண்டும். ஆகவே எழுத்து நடக்கவில்லை. பிறகு எழுதலாம் என்றார்கள். பிறகு அடுத்த இடப்பெயர்வு வந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவர் போனார். மெனிக் பாம் முகாமில் படிவம் நிரப்பியவர், "விவாகச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டார். பத்து வருடம் வாழ்ந்து இரண்டு பிள்ளை பெற்றவள், தான் மனைவி என்பதை நிரூபிக்கச் சாட்சி தேடித் திரிந்தாள். அவரோடு பிடித்த ஒரு படம் கூட மிஞ்சவில்லை.

எமக்குப் பத்து வயது இளைய தங்கைமாருக்கு 2007, 2008ஆம் ஆண்டுகளில் நடந்தது இதிலும் அவசரம். கலியாணமானால் கட்டாய ஆட்சேர்ப்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் கிடைத்த பையனுக்குக் கட்டி வைத்தார்கள். அந்தக் கலியாணங்கள் சில நிலைத்தன; சில அடுத்த வருடத்தையே காணவில்லை. அந்தப் பிள்ளைகளில் எமது கல்லூரி மாணவிகளின் தங்கைமாரும் உண்டு. அவர்களை இந்த மண்டபத்தில் நாம் காணவில்லை.

மூன்றாவது உலகம் கொழும்பு லொட்ஜ். எங்களில் சிலர் படத்தைப் பார்த்துச் சம்மதித்தோம். மாப்பிள்ளை அகதி வழக்கில் இருப்பவர். இலங்கையில் கால் வைக்க முடியாது. ஆகவே கலியாணம் திருச்சியிலோ சென்னையிலோ நடக்கும். ஒருத்தியின் கலியாணத்துக்கு அம்மா மட்டும் வந்தார். அப்பா வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டால் வீடு போய்விடும் என்பது 1995இல் அவர் கற்ற பாடம். பக்கத்து அறையில் விசாவுக்குக் காத்திருந்த ஒரு வவுனியா ஐயாவும் அவருடைய மனுசியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். இன்றும் தீபாவளிக்கு அந்த ஐயா வீட்டுக்குக் கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு போகிறது. அவளுடைய பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே அழைக்கிறார்கள்.

அடுத்து, கலியாணம் செய்யாமலே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் மூத்த பெண்பிள்ளைகள் அவர்கள். தம்பியைக் கடல் கடக்க வைத்தார்கள், தங்கச்சியைப் படிப்பித்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள். 2009க்குப் பின் ஒருத்தி அக்காவின் இரண்டு பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்கிறாள். பாடசாலை அனுமதிப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இன்றும் யோசிக்கிறாள். சமூகம் அவளைக் "குடும்பமாகாதவள்" என்கிறது. அந்த வீட்டில் மூன்று பேர் ஒரு சட்டியில் சாப்பிடுகிறார்கள். அது குடும்பமில்லையென்றால் வேறு எது குடும்பம்?

இனித் தலைப்புக்கு வருகிறோம். அந்த ஒக்டோபர் இரவு எங்களில் ஒருத்தியின் அப்பா சைக்கிளில் அம்மம்மாவை வைத்துத் தள்ளினார். அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் தங்கச்சியையும் பிடித்தார். மூத்தவளுக்குப் பிடிக்கக் கை இல்லை. "நீ கரியரைப் பிடிச்சுக்கொண்டு வா" என்றார்கள். நாவற்குழிக்குக் கிட்டச் சனம் நெருக்கியபோது கரியர் கையை விட்டுப் போனது. மறுநாள் மத்தியானம் கைதடியில் ஒரு பாடசாலை வாசலில்தான் அவளை மீட்டார்கள். அம்மா அடித்தாராம். அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாராம். பிறகு அந்த இரவைப் பற்றி வீட்டில் எவரும் கதைக்கவில்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் மூன்றாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டார். பல வருடம் கேட்டார். அவள் வேலையைச் சொன்னாள், வீட்டுக் கடனைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். இந்த உரைக்காக எமக்குக் குரற்பதிவு அனுப்பும்போதுதான், "இரண்டு கைக்கு இரண்டு பிள்ளை. மூண்டாவதை ஆர் பிடிக்கிறது?" என்று அவள் வாயில் வந்தது. குசினிக்குள் நின்ற கணவர் கேட்டுவிட்டார். "ஏன் இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டாராம். "எனக்கே இப்பதான் தெரியும்" என்றாளாம். அன்றிரவு இருவரும் விடியும்வரை கதைத்திருக்கிறார்கள். கலியாணமாகிப் பதினெட்டு வருடம்.

இதைக் கேட்ட பிறகு குழுவில் எல்லோருக்கும் வாய் திறந்தது. லண்டனில் ஒருத்தி வாசற் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை வைத்திருக்கிறாள். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், கடவுச்சீட்டுகள், நகைப் பெட்டி, ஒரு டோர்ச் லைட். மகள் அதைக் கண்டு, "அம்மா, நாங்கள் எங்கை போறம்?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. இன்னொருத்தி மகளைப் பாடசாலைச் சுற்றுலாவுக்கு விடமாட்டாள். இரவில் எல்லோரும் ஒரு கூரையின் கீழ் படுக்க வேண்டும். ஒருத்தி வீட்டில் அரிசி மூட்டை இரண்டுக்குக் குறைந்தால் நித்திரை வராது. ஒருத்தி பத்து வருடம் வாழ்ந்த வீட்டில் ஒரு படமும் மாட்டவில்லை. ஆணி அடித்தால் கழற்ற வேண்டிவரும் என்ற எண்ணம். இவற்றை எமது பிள்ளைகள் "அம்மாவின்ர விசர்" என்று பகிடி பண்ணுகிறார்கள். காரணத்தை நாம் சொன்னதில்லை.

சுவீடனில் இருக்கும் எமது தோழி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்திலிருந்து சுமார் 70,000 பிள்ளைகளைப் பாதுகாப்புக்காகப் பெற்றோரைப் பிரித்துச் சுவீடன் முதலிய அயல்நாடுகளுக்கு அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களை ஆய்ந்தார்கள். அப்படி அனுப்பப்பட்ட சிறுமிகள் வளர்ந்து பெற்ற மகள்மாரிடையே, மனநோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது அதிகமாக இருந்தது. மகன்மாரில் அந்த வேறுபாடு தெரியவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு ஏதோ போயிருக்கிறது. அதே போர்க் காலத்தில் லண்டனில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்ட், குண்டு வீச்சை விடத் தாயைப் பிரிவதே சிறு பிள்ளையை அதிகம் பாதிக்கிறது என்று எழுதினார். நாம் பெரும்பாலும் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அது எமது பாக்கியம். ஆனாலும் அந்தத் தாய்மாரே பயந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலேயே இருந்து வைத்தியம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். சேர்ந்து பட்ட காயத்தைச் சேர்ந்துதான் ஆற்ற வேண்டும்.

இவ்வளவும் எமது பக்கம். இனிச் சொல்வது எமக்கு வெட்கம் தருவது. அதனாலேயே சொல்ல வேண்டும்.

சாவகச்சேரியில் பின்னேரப் பாடசாலை நடந்தபோது எமது வகுப்பாசிரியை வரவுப் பதிவேட்டைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். அந்த இரவில் தன் வீட்டிலிருந்து அவர் எடுத்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. மாமரத்தின் கீழ் பெயர் கூப்பிட்டார். வராதவர்களுக்கு வரவில்லை என்று அவர் அடையாளமிடவில்லை. வெறுமையாக விட்டார். "வருவினம்" என்றார். ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அந்த வெறுமையான கட்டங்களை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவின்பேரில் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற வேண்டியிருந்தது. நாம் அப்போது ஆண்டு 4. சோனகத் தெருவிலிருந்து எம்மோடு படித்த பிள்ளைகள் அடுத்த நாள் வரவில்லை. அவர்களுக்கு எவரும் வெறுமையான கட்டம் விடவில்லை. அடுத்த வருடப் பதிவேட்டில் அவர்களின் பெயரே இல்லை. நாமும் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் கேட்காமல் இருந்ததை மன்னிக்கலாம். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் கேட்காமல் இருந்ததற்கு என்ன சொல்வது?

இந்த உரைக்காக ஒருத்தியைத் தேடிப் பிடித்தோம். புத்தளத்தில் இருக்கிறாள். கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே நிக்காஹ் முடித்து, அங்கேயே பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். "உம்மா யாழ்ப்பாணத்து வீட்டுத் திறப்பை மௌத்தாகும் வரைக்கும் வச்சிருந்தா. என்ட மகள் யாழ்ப்பாணத்தைப் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு எமது ஆண்டு 3 ரீச்சர் சுகமோ என்று கேட்டாள். நாம் மறந்த ரீச்சரின் பெயரை அவள் வைத்திருந்தாள்.

அன்பானவர்களே, நாம் சொல்ல வந்தது சுருக்கமானது. எங்களில் ஒருத்தி கலியாணம் செய்யாதது, இன்னொருத்தி பதினேழில் செய்தது, ஒருத்தி இரண்டோடு நிறுத்தியது, ஒருத்தி கதவருகே பை வைத்திருப்பது, இவை எவற்றுக்கும் செவ்வாய் காரணமில்லை. அவளுடைய குணமும் காரணமில்லை. பதினான்கு வயதில் ஒரு வீட்டை விட்டு நடந்த பிள்ளை, பிறகு கட்டிய ஒவ்வொரு வீட்டையும் நடக்க ஆயத்தமாகவே கட்டினாள். இதைத் தெரிந்துகொண்டால் அவளைக் குறை சொல்ல மாட்டோம். அவளும் தன்னைக் குறை சொல்ல மாட்டாள்.

சங்கத்திடம் எமக்கு மூன்று வேண்டுகோள்கள். நூற்றாண்டு மண்டபத்துக்குத் தாராளமாகத் தருவோம். அத்தோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சட்டத்தரணிகளாகவும் கந்தோர் உத்தியோகத்தர்களாகவும் இருக்கும் பழைய மாணவிகள் இங்கே ஒரு மேசை போட்டு இருக்க வேண்டும். எழுத்தில்லாத கலியாணம், தொலைந்த பத்திரம், காணி உறுதி என்று அலையும் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எமது மாணவிகளுக்கு மட்டுமல்ல, கேட்டு வரும் எவருக்கும்.

இரண்டாவது, சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டில் 1990இல் போன பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்க வேண்டும். அடுத்த ஒன்றுகூடலுக்குப் புத்தளத்துக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் உங்கள் ஒவ்வொருவரிடமும். இன்றிரவு வீட்டுக்குப் போய், அல்லது தொலைபேசி எடுத்து, உங்கள் மகளுக்கோ மகனுக்கோ அந்த நாளைச் சொல்லுங்கள். முழுவதையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். ஏன் பை வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் சொன்னாலும் போதும். சொல்ல முடியாமல் நெஞ்சு அடைத்தால் வைத்தியரிடம் போங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லண்டன் தோழி கடந்த வாரம் மகளோடு உட்கார்ந்து அந்தப் பையைத் திறந்து காட்டினாளாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மகள் தன்னுடைய சிறு வயதுப் படமொன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாளாம். பை இன்னும் கதவடியில்தான் இருக்கிறது. ஆனால் அது எதற்கென்று இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.